ஒரு டீஸ்பூன் சர்க்கரை

போன மாதம் என் பழைய மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மருந்துப் பிரிவில் புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறார்களாம், திறப்பு விழாவுக்கு அவசியம் வர வேண்டும் என்றார்கள். போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு இரும்புக் கைகள். அவை குப்பியை எடுக்கின்றன, ஊசியால் மருந்தை உறிஞ்சுகின்றன, பையில் செலுத்துகின்றன, லேபிளும் ஒட்டிவிடுகின்றன. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எனக்கு முதுகுவலி வந்த வருடங்களில் இது வந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது.

கேக் சாப்பிட்டு முடித்ததும், அங்கே வேலை பார்க்கும் பெண்கள் நான்கு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மேடம், அந்த மூளைக் கட்டி மருந்தை நீங்க கையாலயே கலந்தீங்களாமே. அதை எழுதிக் குடுங்க, விழா மலர்ல போடறோம். ஒரு பக்கம் போதும்" என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று எனக்கு அப்போதே தெரியும். அவர்கள் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிப் போட்டுக்கொள்ளட்டும். நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. பிறந்தது, வளர்ந்தது, இன்றைக்கும் இருப்பது எல்லாம் பெசன்ட் நகர். அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மருந்தியல் படித்துவிட்டு தி. நகரில் ஒரு மருந்துக் கடையில் நான்கு வருடம் நின்றேன். தீபாவளி சமயத்தில் துணி வாங்க வந்தவர்களுக்குத் தலைவலி மாத்திரை கொடுத்தே கை ஓய்ந்துபோகும். பிறகு அடையாறில் இந்த மருத்துவமனை. முப்பத்தொரு வருடம். புற்றுநோய் மருந்துகளைக் கலந்து வார்டுக்கு அனுப்புவது என் வேலை. நோயாளிகள் டாக்டரை நினைவில் வைத்துக்கொள்வார்கள், நர்சை நினைவில் வைத்துக்கொள்வார்கள். கீழ்த்தளத்தில் முகமூடி போட்டுக்கொண்டு மருந்து கலக்கும் பெண்ணை யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருந்ததில்லை. வேலையில் சத்தம் இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் இருந்தபோது டாக்டர் வைதேகி வந்தார்.

அவர் மருத்துவர் இல்லை, விஞ்ஞானி. எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், மூளைக் கட்டிக்கு நானோ துகள் மருந்து ஒன்றை உருவாக்கியிருந்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மற்ற சோதனைகளும் முடிந்து, முதல்முறையாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. எங்கள் மருத்துவமனையில்தான் அந்த ஆய்வு. மருந்தைக் கலக்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் பிரிவுக்கு நேரில் வந்தார். மயிலாப்பூர்க்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், குள்ளமான உருவம், பருத்திப் புடவை. கையில் ஒரு டிபன் பாக்ஸும் மூன்று சிறிய குப்பிகளும் இருந்தன.

"இதுல ஒரு பொடி இருக்கு. தண்ணி விட்டுக் கரைச்சுத் தாங்கோ. நுரை மட்டும் வரப்படாது" என்று எங்கள் மூன்று பேரிடமும் ஆளுக்கொரு குப்பி கொடுத்தார்.

மற்ற இருவரும் வழக்கம்போலக் குலுக்கினார்கள். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. நான் தண்ணீரைக் குப்பியின் சுவர் ஓரமாக வழியவிட்டு, குப்பியை மேசையில் படுக்கவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏன் சும்மா நிக்கறேள்?"

"தானா கரையும் மேடம். பத்து நிமிஷம் ஆகும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பத்து நிமிடமும் குப்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கரைந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நாளைலேந்து எங்காத்துக்கு, சீ, எங்க லேபுக்கு வாங்கோ" என்றார். லேப்தான் அவருக்கு வீடு என்பது பிறகு புரிந்தது.

ஆறு மாதம் பழகினேன். அந்த மருந்தின் துகள் எவ்வளவு சிறியது என்றால், ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும், மத்தைக் கையால் சுற்றுகிற மாதிரி. சரியாக இருந்தால் மருந்து லேசான நீலம் கலந்த வெண்மையில், அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீர் போல இருக்கும். அதை ஊசியில் மெதுவாக ஏற்றி, டெக்ஸ்ட்ரோஸ் பையின் சுவர் ஓரமாக இறக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊரில் 'குளுக்கோஸ் ஏத்தறாங்க' என்கிறோமே, அந்தச் சர்க்கரைத் தண்ணீர்; நூறு மில்லியில் ஐந்து கிராம் சர்க்கரை. பிறகு ஒரு சொட்டு எடுத்து லேசர் கருவியில் வைத்துத் துகளின் அளவு பார்க்க வேண்டும். அளவு மாறாமல் இருந்தால்தான் மருந்து வார்டுக்குப் போகும்.

வைதேகி மேடம் வாய்வார்த்தையாக எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார். "அளவு சரியா இருக்கு மேடம்" என்றால், "சொல்லாதே, காட்டு" என்பார். கொஞ்ச நாளிலேயே என்னை 'ஜெசி, வா, போ' என்று பேச ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு சங்கதி உண்டு. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். குரல் இறங்கும், 'வாங்கோ, உக்காருங்கோ' என்று ஆரம்பிக்கும். இன்னொரு விதியும் வைத்திருந்தார்: "மருந்தைக் குடுத்துட்டு வந்துடாதே. மருந்து உள்ள போறதைப் பாத்துட்டு வா." அதனால் ஒவ்வொரு முறையும் பையை நானே இரண்டாவது மாடிக்கு எடுத்துப் போய், நர்ஸ் ஏற்றத் தொடங்கியதும் கால் மணி நேரம் கட்டில் பக்கத்தில் நிற்பேன்.

அப்படி நின்றபோது அறிமுகமானவர்தான் தணிகாசலம். ஆய்வில் சேர்ந்த நான்காவது நோயாளி.

அரசுப் பேருந்தில் நடத்துநர். நாற்பத்தேழு வயது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் பிறந்து வளர்ந்தவர். குடியிருப்பை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த பிறகு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது காதுக்கு மேலே, பேச்சைக் கவனித்துக்கொள்ளும் பகுதியில் கட்டி. அறுவை சிகிச்சை செய்து, கதிர்வீச்சும் கொடுத்து, எட்டு மாதத்தில் மறுபடி வளர்ந்துவிட்டது. வாய்ச் சொல்லில் பிழைத்த மனிதருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கரண்டியைக் காட்டினால் பெயர் வராது. சீப்பைக் காட்டினால் தலையை வாரிக் காட்டுவார், பெயர் வராது. ஆனால் "உங்க ரூட் என்னங்க?" என்று டாக்டர் கேட்டால், "திருவான்மியூர், அடையாறு, மந்தவெளி, லஸ், ராயப்பேட்டை, பின்னால போ பின்னால போ" என்று தடங்கல் இல்லாமல் கொட்டும். பழக்கத்தில் வருகிற பேச்சு மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

அவர் மனைவி கஸ்தூரிதான் எனக்கு மற்றதைச் சொன்னாள். "பொண்ணு பேரு மஞ்சுளா மேடம். அத்த மந்தவெளின்னு கூப்ட்றாரு. அதுவும் 'இன்னாப்பா'ன்னு வந்து நிக்குது. அவரு அந்தாண்ட போனதும் என்னைக் கட்டிக்கினு அழுவுது."

ஆய்வில் சேர்வதற்குமுன் வைதேகி மேடம் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து எல்லாம் சொன்னார். "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு காவல் உண்டு. கண்டதையும் உள்ள விடாது. அதனாலதான் மத்த புற்றுநோய் மருந்தெல்லாம் மூளைக் கட்டிக்குப் போய்ச் சேர்றதில்லை. ஆனா மூளைக்கும் இரும்புச் சத்து வேணும். இரும்பைத் தூக்கிண்டு வர்ற ஒரு புரதத்தை மட்டும் அந்தக் காவல் தெரிஞ்சுண்டு உள்ள விடும். நாங்க மருந்தைக் குட்டிக் குட்டித் துகளுக்குள்ள அடைச்சு, மேல அந்தப் புரதத்தை ஒட்டி அனுப்பறோம். கட்டிக்கு இரும்புப் பசி ஜாஸ்தி. அதுவே இழுத்து உள்ள போட்டுக்கும்."

தணிகாசலம் முன்னால் சாய்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அது... அது..." வார்த்தை வரவில்லை. நெற்றியில் தட்டிக்கொண்டார். சட்டென்று சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, அதை விரலால் உள்ளே தள்ளுவது போலத் தள்ளினார்.

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "ஸ்டாஃப் பாஸ் மேடம். அத்த காட்னா எந்த பஸ்லயும் ஏத்திக்குவாங்கோ. அந்த மாரியான்னு கேக்கறாரு."

வைதேகி மேடம் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "ஆமா. அதேதான். இத்தனை வருஷமா பாடம் நடத்தறேன், எந்தப் பசங்களும் இப்படிச் சொன்னதில்லை." சிரிப்பு அடங்கியதும், "ஆனா ஒண்ணு. குணமாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆறதான்னு பாக்கத்தான் இந்த ஆய்வு" என்றார்.

"தெர்யும் மேடம்," என்றாள் கஸ்தூரி. "வூட்ல குந்திக்கினு பாக்கறத இங்க வந்து பாக்கறோம்."

முதல் தவணை ஒரு சிக்கலும் இல்லாமல் ஏறியது. மூன்று வாரம் கழித்து இரண்டாவது தவணை. அன்றைக்கு நடந்ததைத்தான் நான் விவரமாக எழுத வேண்டும். ஏனென்றால் அதில் என் தப்பும் உண்டு.

காலை பத்தரை மணி இருக்கும். பையை எடுத்துப் போனேன். மலர் என்ற நர்ஸ் ஏற்றத் தொடங்கினாள். மருந்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன் என்று கீழேயிருந்து போன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று இறங்கினேன். கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்ற விதியை நான் மீறியது அந்த ஒரு நாள்தான்.

அந்த ஐந்து நிமிடத்தில் தணிகாசலத்தின் ரத்தச் சர்க்கரை முடிவு வந்திருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் உண்டு. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அதை இன்னும் ஏற்றிவிடும். இந்த நிலையில் சர்க்கரைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறதே என்று மலர் பயந்து டூட்டி டாக்டருக்குச் சொல்ல, அவர் "கூடவே சலைன் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். சலைன் என்றால் உப்புத் தண்ணீர். எந்த நோயாளிக்கும் அது சரியான யோசனைதான். எங்கள் துகளுக்கு மட்டும் ஆகாது. உப்புப் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும்.

நான் திரும்பி வரும்போது மருந்தைச் செலுத்தும் பம்ப் கூவிக்கொண்டிருந்தது. குழாயில் மாட்டியிருந்த வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று மலர் அதை மாற்றப் போனாள். நான் குழாயைப் பார்த்தேன். இரண்டு குழாய்களும் சேரும் இடத்துக்குக் கீழே, நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பால் திரிவதற்கு முன்னால் ஓரத்தில் தெரியுமே, அந்த மாதிரி.

"தொடாதே மலர்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் குழாயைக் கையாலேயே மடக்கிப் பிடித்தேன். முப்பத்தொரு வருட வேலையில் வார்டில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

கடவுள் புண்ணியத்தில் கட்டியான துகள் முழுவதையும் வடிகட்டி பிடித்து வைத்திருந்தது. அவர் உடம்புக்குள் ஒன்றும் போகவில்லை. டாக்டர்கள் வந்து நாடி, மூச்சு எல்லாம் பார்த்தார்கள். தணிகாசலம் மட்டும் பதற்றமே இல்லாமல், மடக்கிப் பிடித்திருந்த என் கையைத் தட்டிக் கொடுத்து, "ரைட், ரைட்" என்றார்.

மலர் அழுதுகொண்டிருந்தாள். லேபிளில் 'சலைனுடன் சேர்க்கக் கூடாது' என்று நான் எழுதித்தான் இருந்தேன். ஏழாவது வரியில், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். அவசரத்தில் ஓடுகிற ஒருத்தி அதை எங்கே படிப்பாள்? நேராக லேபுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "நான் நின்னிருக்கணும் மேடம். லேபிளும் என் தப்பு" என்றேன்.

"உக்காருங்கோ ஜெசிந்தா," என்றார் வைதேகி மேடம் மெல்லிய குரலில். "தண்ணி குடிங்கோ."

எனக்கு உயிரே போய்விட்டது. அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பை வந்து சொல்லிட்டேள். அது ஒரு வழியில நல்லது. எழுதிக் குடுங்கோ, ஆய்வைக் கண்காணிக்கற குழுவுக்கு அனுப்பணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அறையில் கூட்டம். ஆய்வின் மருத்துவப் பொறுப்பு அவருடையது. நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான். "சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது டெக்ஸ்ட்ரோஸ் ஏத்த முடியாது. சலைன்ல கலக்கவும் முடியாது. அப்போ இவரை ஆய்வுலேர்ந்து எடுக்கறதுதான் சரி" என்றார். வைதேகி மேடம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சலைனில் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கும் புதுத் துகள் செய்ய ஒரு வருடம் ஆகும். தணிகாசலத்துக்கு ஒரு வருடம் இல்லை.

கதவுக்கு வெளியே பெஞ்சில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் தலை நிமிர்ந்திருந்த விதத்திலேயே எல்லாம் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

எனக்குக் கூட்டத்தில் பேசும் பழக்கம் கிடையாது. ஆனால் என் அப்பா கணக்கு வாத்தியார். 'ரொம்ப', 'கொஞ்சம்' என்றெல்லாம் வீட்டில் சொன்னால், "எவ்வளவு?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு பத்து நிமிஷம் குடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். ஒரு டீஸ்பூனும் காகிதத்தில் கொஞ்சம் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு, எங்கள் பிரிவுத் தராசில் நிறுத்தேன். திரும்பி வந்து அந்தச் சர்க்கரையைப் பெரிய டாக்டர் மேசையில் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினேன்.

"என்னம்மா இது?"

"அஞ்சு கிராம் டாக்டர். ஒரு டீஸ்பூன். இருநூத்தம்பது மில்லி பைக்குப் பதிலா நூறு மில்லி பையில மருந்தைக் கலந்தா, அவர் உடம்புக்குள்ள போற சர்க்கரை மொத்தமும் இவ்வளவுதான். இதுக்குத் தகுந்த இன்சுலின் போட்டுட்டா?"

பெரிய டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். வைதேகி மேடம் முதல்முறையாக நிமிர்ந்தார். "நூறு மில்லில துகள் நெருக்கமா இருக்குமே ஜெசி. ஒட்டிக்காதுன்னு எப்படிச் சொல்றே?"

அவர் 'ஜெசி' என்று சொல்லிவிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"சொல்லலை மேடம். காட்டறேன்."

பெரிய டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். லேபில் துகள் ஒட்டாமல் நிற்க வேண்டும், தணிகாசலத்தின் சர்க்கரையும் இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் குழுவிடம் அனுமதி கேட்கலாம். "அரிசிச் சோறே குறைச்சுட்டாங்கன்னு அந்தம்மா சொல்றாங்க. அப்புறம் எங்கேர்ந்து வருது முந்நூத்திப் பன்னெண்டு? மாத்திரை மட்டும் இவ்வளவு ஏத்தாதே" என்று முணுமுணுத்தார்.

அதற்கு விடை அன்று மதியமே கிடைத்தது. மருத்துவமனை வாசலில் ஒரு டீக்கடை. நான் ஆட்டோ பார்க்க வெளியே வந்தபோது, கடையின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் ஜாம் தடவிய பன். என்னைப் பார்த்ததும் பன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இது எத்தனையாவது டீ?"

எண் வரவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார். கொஞ்சம் யோசித்து, நியாயமாக, நான்காவது விரலையும் நீட்டினார்.

"எல்லாத்துலயும் சர்க்கரையா?"

டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து, "ஸ்ட்ராங்கா, சக்கரை தூக்கலா. அவரு கைய காட்னாலே தெரிஞ்சிடும் மேடம்" என்றார் பெருமையாக.

கஸ்தூரியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "யோவ்! நான் வூட்ல கம்பும் கேவுருமா ஆக்கிப் போட்டுக்கினு கீறேன். நீ இங்க பன்னு துன்னுக்கினு கீறியா? மேடம் உனக்காக ஒரு ஸ்பூன் சக்கரைய எடுத்துக்கினு போயி டாக்டருங்க கைல மல்லுக்கட்டிக்கினு கீது, நீ இன்னாடான்னா நாலு டீ இஸ்துக்கினு கீற!" தணிகாசலம் பேசக்கூடிய நிலையில் இருந்திருந்தாலும் அன்றைக்குப் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். டீக்கடைக்காரர் அன்றிலிருந்து அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ மட்டும் என்று சத்தியம் செய்து கொடுத்தார்.

அடுத்த நாள் காலை லேபில் மூன்று தனித்தனிக் கலவை போட்டோம். ஒவ்வொன்றையும் நூறு மில்லியில் கலந்து, ஆறு மணி நேரம், அரை மணிக்கு ஒரு தடவை ஒரு சொட்டு எடுத்து அளவு பார்த்தோம். நான் அளப்பேன், மேடம் எழுதுவார். பிறகு அவர் அளப்பார், நான் எழுதுவேன். எண்கள் அசையவில்லை. கடைசி அளவும் சரியாக வந்தபோது மாலையாகியிருந்தது. மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் தயிர்சாதத்தில் பாதியை வைத்து, இருந்த இரண்டு வடுமாங்காயில் பெரியதை எடுத்து அதன் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. கார்த்தாலேந்து நீ ஒண்ணும் சாப்பிடலை." அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்குப் பாராட்டு மடல்கள் வந்திருக்கின்றன. அவற்றை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

இரண்டு வாரத்தில் குழு அனுமதி கொடுத்தது. அதற்குள் தணிகாசலத்தின் சர்க்கரையும் இறங்கிவிட்டது. லேபிளை நான் மாற்றினேன். முதல் வரியிலேயே, தமிழில், சிவப்பு எழுத்தில்: 'உப்புத் தண்ணீர் ஆகாது.' மலருக்குத்தான் முதலில் காட்டினேன். "இப்பக் கண்ணாடி போடாமலே தெரியுது மேடம்" என்று சிரித்தாள்.

பாதியில் நின்ற இரண்டாவது தவணை, பிறகு மூன்றாவது தவணை ஏறின. நான் ஒவ்வொரு தடவையும் கட்டில் பக்கத்தில் நின்றேன். கால் மணி நேரம் இல்லை, முழு மருந்தும் இறங்கும் வரை. தணிகாசலத்தின் பேச்சில் மாற்றம் எதுவும் இல்லை. பெண்ணை மந்தவெளி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது தவணை நாள். மருந்து பாதி இறங்கியிருந்தது. கஸ்தூரி நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். மஞ்சுளா அன்றைக்குக் கல்லூரி லீவு என்று வந்திருந்தாள், ஜன்னல் ஓரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலர் பக்கத்துக் கட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இந்த ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா. குளிருது."

மலர் "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே போய் விசையைத் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் எங்களை எல்லாம் மாறி மாறிப் பார்த்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, ரொம்ப ஜாக்கிரதையாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"மஞ்... சு... ளா."

அந்தப் பெண் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கஸ்தூரி திடுக்கிட்டு எழுந்து, "இன்னாச்சி, இன்னாச்சி?" என்றாள். பதிலை அவர்தான் சொன்னார்: "ஒண்ணும் இல்ல கஸ்தூரி. குந்து."

நான் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மறைத்ததால் சொட்டுகள் சரியாகத் தெரியவில்லை.

ஆறாவது தவணைக்குப் பிறகு ஸ்கேன். பெரிய டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டார். எலுமிச்சம்பழ அளவில் இருந்த வெள்ளை நிழல் சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது. "நல்லா சுருங்கியிருக்கு" என்று அவர் வாய்விட்டுச் சொல்வதற்குமுன்பே வைதேகி மேடம் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் சேர்ந்த எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. சிலருக்குக் கட்டி வளராமல் சில மாதங்கள் நின்றது, சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் பெயர்களையும் நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சொல்லிக்கொள்கிறேன். ஏன் தணிகாசலத்துக்கு மட்டும் இவ்வளவு நன்றாகக் கேட்டது என்று மேடம் இன்னமும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். அவருக்கு ஓய்வே கிடையாது. மருந்து அடுத்த கட்ட ஆய்வுக்குப் போயிருக்கிறது. இப்போது யாருக்கு ஏற்றினாலும் நூறு மில்லிப் பையில்தான் ஏற்றுகிறார்கள்.

வலிப்பு வரக்கூடும் என்பதால் தணிகாசலத்தை ஓடும் பஸ்ஸில் விடவில்லை. டிப்போவில் நேரக் காப்பாளர் அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், ஒவ்வொரு தடவையும் விடுவோம். நான் ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் ஒரு மதியம், மருந்துப் பிரிவின் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். கஸ்தூரி. தனியாக வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்ன கஸ்தூரி? அவருக்கு என்ன?"

"அவருக்கு இன்னா, நல்லாத்தான் கீறாரு." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். "யக்கா, உங்க கைல சொல்றதுக்கு இன்னா. காலைல ஏந்திரிச்சா ஆரம்பிக்கறாரு. பேப்பர்ல இன்னா போட்டுக்கீதுன்னு பேசறாரு, பக்கத்து வூட்டுக்காரன் கைல பேசறாரு, டிவி உள்ள கீறவன் கைல பேசறாரு. நான் ஒரு வார்த்த பேச வாயைத் தொறந்தா அத்தயும் அவரே சொல்லி முட்ச்சிட்றாரு. காது ரெண்டும் போச்சு யக்கா. இதுக்கு உங்க கைல எதுனா மாத்திரை கீதா?"

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ மருந்துச் சீட்டுகளை வாங்கிப் படித்திருக்கிறேன். இப்படி ஒன்று வந்ததில்லை.

"ஸ்டாக் இல்ல கஸ்தூரி" என்றேன்.

"வரவே வாணாம்" என்றாள் அவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை என்ன நினைத்தாலும் சரி என்று, வயிறு வலிக்கச் சிரித்தோம்.